புழு போன வயிறு

உல்சூனுக்குத் தன் வீட்டிலேயே ஒரு அறைக்குள் கால் வைக்க முடியாமல் போனபோது வயது நாற்பத்து மூன்று. வேறு எந்த அறையாக இருந்தாலும் போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பாள். அதற்கெல்லாம் உட்கார்ந்து வருத்தப்பட அவளுக்கு நேரம் கிடையாது. ஆனால் அது பட்டுப்புழு அறை. வீட்டில் இருப்பதிலேயே நல்ல அறை, அடுப்புச் சூடு தரைக்கு அடியில் சீராக ஓடும் அறை. வசந்தத்தில் ஒரு தடவையும் இலையுதிர் காலத்தில் ஒரு தடவையும் அதைப் புழுக்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, வீட்டு மனிதர்கள் அடுப்படியிலும் கொட்டகையிலும் சுருண்டுகொள்வார்கள். சாங்ஜு பக்கத்தில் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. புழு சாப்பிட்டால் நாமும் சாப்பிடுவோம், அவ்வளவுதான்.

அவள் புருஷன் கிபோக் முன்பு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். அங்கே ஒரு நாள் முட்டுக் கொடுத்திருந்த மரம் சரிந்து முதுகில் விழுந்தது. அன்றிலிருந்து அவனால் குனிய முடியாது. குனிந்துவிட்டால் யாராவது வந்து நிமிர்த்த வேண்டும். அதனால் வயலை அவன் அண்ணன் பார்த்துக்கொண்டார், புழுவை உல்சூன் பார்த்துக்கொண்டாள், ஒரே முற்றத்தில் இரண்டு வீடும் எப்படியோ ஓடின. அந்த அறைக்குள் போக முடியாத உல்சூன் அந்த முற்றத்தில் யார்? இதை யாரும் அவளிடம் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள், காலையில் எழுந்ததும் ஒரு தடவை, படுக்கும்போது ஒரு தடவை.

அறை உல்சூன் வீட்டில் இருந்தாலும் அதன் சட்டதிட்டமெல்லாம் அவள் ஓரகத்தி சோங்புன் கையில். கிபோக்கின் அண்ணன் மனைவி. உல்சூன் கல்யாணமாகி வருவதற்கு முன்பே மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டாள். மாமியார் இல்லாத வீடு என்று உல்சூனின் பிறந்த வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். சோங்புன் இருப்பதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு புழு அறைக்குள் வரக்கூடாது. புழு இருக்கும்போது வீட்டில் மீன் சுடக்கூடாது. புகை கூடாது, சாவு என்ற பேச்சே கூடாது. இதெல்லாம் எல்லா ஊரிலும் உண்டு. சோங்புனிடம் கூடுதலாக ஒன்று இருந்தது, மாமியார் விட்டுப்போனது: அறையில் புழு வளரும்போது வயிற்றில் இருக்கும் பூச்சியைக் கொல்லக்கூடாது. கொன்றால் அறையில் இருப்பது கோபித்துக்கொண்டு செத்துவிடும்.

சங்கடம் என்னவென்றால், சுகாதார நிலையத்திலிருந்து பூச்சி மாத்திரை வருவதும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வாத்தியார் எதிரில் நின்று முழுங்க வைப்பார். பெரியவர்களுக்கு வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள். சோங்புன் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து வாங்கிக்கொள்வாள், நர்ஸ் அம்மாவுக்கு நன்றி சொல்லி வாசல்வரை வழியனுப்புவாள், திரும்பிவந்து அடுப்பில் போட்டுவிடுவாள். இருபது வருஷம் இப்படித்தான் நடந்தது. இருபது வருஷமும் உல்சூனுக்கு வயிறு பிசைந்தது. வெறும் வயிற்றில் பிசையும், சாப்பிட்டாலும் பிசையும். உடம்பில் எப்போதும் ஒரு அசதி. முப்பது வயதில் அவளைப் பார்த்த பிறந்த வீட்டு அண்ணன், "இவளுக்கு என்னடா சோறு போடுறீங்க?" என்று கிபோக்கிடம் சண்டைக்குப் போனார். சோறு போட்டார்கள். அதில் பாதியை வேறு யாரோ சாப்பிட்டார்கள்.

போன வருஷம் ஆகஸ்ட் கடைசியில், இலையுதிர் காலப் புழுக்கள் முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்திருந்தன. மல்பெரித் தோட்டத்தில் இலை பறித்துக்கொண்டிருந்த உல்சூன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். அந்த வழியாகச் சைக்கிளில் போன நர்ஸ் இறங்கி வந்து, கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்து, பையிலிருந்து மாத்திரையை எடுத்து நீட்டினாள். உல்சூன் சுற்றுமுற்றும் பார்த்தாள். சோங்புன் இல்லை. முழுங்கிவிட்டாள்.

மறுநாள் காலையில் வெளிவந்ததைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டியதில்லை. அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். இத்தனை பேரா என்று நினைத்தாள். அன்று மத்தியானம் இரண்டு கிண்ணம் பார்லிச் சோறு சாப்பிட்டாள், வயிறு பிசையவில்லை. தனக்கு வயிறு என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. சில நாள் அப்படி ஒரு சுகம். அசதி இல்லாமல் நடப்பது எப்படி என்று அவளுக்கு அந்த நாட்களில்தான் தெரிந்தது.

புழுக்கள் கடைசிப் பருவத்துக்கு வந்து, ராத்திரி பகல் பார்க்காமல் தின்ன ஆரம்பித்தபோது அவளுக்குக் கண் அரித்தது. பிறகு மணிக்கட்டில் தடிப்புத் தடிப்பாக வந்தது. பிறகு தும்மல். கூடுகளைப் பிரித்தெடுக்கும் சமயத்தில் மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. அறைக்குள் போனால் நெஞ்சுக்குள் யாரோ கதவைச் சாத்துகிற மாதிரி இருக்கும், வெளியே வந்து உட்கார்ந்தால் மெல்லத் திறக்கும்.

சோங்புனிடம் மறைக்க முடியவில்லை. ஒரு வருஷமா இரண்டு வருஷமா, உல்சூன் எதையாவது மறைத்தால் அவள் காதுமடல் சிவந்துவிடும் என்பது சோங்புனுக்குத் தெரியும்.

"முழுங்கிட்டியாடி?" என்று கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் அக்கா."

"ஒண்ணு முழுங்கினா என்ன, ஒம்போது முழுங்கினா என்ன? அவங்க சாதி சனத்தை உள்ள வச்சுக் கொன்னுட்டு, அவங்க வீட்டுக்குள்ளயே போயி நிக்கிற. சும்மா விடுவாங்களா?"

"புழு ஒண்ணும் சாகலையே அக்கா? நல்லாத்தானே தின்னுது?"

இதைக் கேட்டதும் சோங்புன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அதுங்களுக்கு இந்தத் தடவை உன்மேல கோவம். போ, அறை வாசல்ல கள்ளு ஊத்திக் கும்பிட்டு மன்னிப்புக் கேளு" என்றாள்.

உல்சூன் அரிசிக் கள் ஊற்றி, அரிசிப் பணியாரம் வைத்துக் கும்பிட்டாள். மன்னிப்பும் கேட்டாள். கும்பிட்டு எழுந்திருக்கும்போதே இரண்டு தும்மல் வந்தது. அதைப் பார்த்த கிபோக், "ஏத்துக்கல போல" என்றான். அவன் முதுகைப் பற்றி அவள் இதுவரை ஒரு கிண்டலும் செய்ததில்லை. அன்றைக்குச் செய்தாள்.

குளிர்காலத்தில் மூச்சு சரியாகத்தான் இருந்தது. வசந்தம் வரப்போகிறதே என்ற பயத்தில்தான் அவள் பஸ் ஏறி தேகு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் ஹா என்று ஒரு பெண், வயது குறைவு, கண்ணுக்குக் கீழே கருவளையம், ராத்திரி டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகாதவள் என்று பார்த்ததுமே தெரிந்தது. உல்சூனின் முன்கையில் வரிசையாகச் சொட்டு வைத்து, ஊசியால் கீறினாள். கொஞ்ச நேரத்தில் பட்டுப்பூச்சிச் செதில் வைத்த இடம் சுண்டைக்காய் அளவுக்கு வீங்கியது. பக்கத்தில் கரப்பான்பூச்சி வைத்த இடமும் வீங்கியது.

"கரப்பானுமா? நான் கரப்பான் வளர்க்கலையே டாக்டர்" என்றாள் உல்சூன்.

டாக்டர் சிரித்தாள். சிரிக்கக்கூடக் களைப்பாக இருந்தது அவளுக்கு. "வயித்துல பூச்சி இருந்துச்சாம்மா?" என்று கேட்டாள்.

உல்சூன் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு முழுதாகக் கேட்டாள்.

"நம்ம உடம்புக்குள்ள ஒரு படை இருக்கும்மா. பூச்சியோட சண்டை போடத்தான் அந்தப் படை. உங்களோடது இருபது வருஷம் சண்டை போட்டுப் பழகின படை. வயித்துப் பூச்சிக்கும் பட்டுப்பூச்சி, கரப்பானுக்கும் உள்ளுக்குள்ள சில சமாச்சாரம் ஒண்ணுபோல இருக்கும். சில பேர் என்ன சொல்றாங்கன்னா, பூச்சி உள்ள இருக்கிற வரைக்கும் அது தான் பிழைக்கிறதுக்காக அந்தப் படையைத் தட்டிக்கொடுத்துத் தூங்க வச்சிருக்கும். பூச்சி போனதும் படை முழிச்சுக்கிட்டு, வேலையில்லாம, கண்டதோட வம்புக்குப் போகும்."

"அப்ப பூச்சி இருந்தப்ப நல்லா இருந்தேன்?"

"இருங்க, முடிக்கலை. வேற சில பேர் நேர்மாறாச் சொல்றாங்க. அந்தப் படைக்கு இந்த அடையாளத்தைக் கத்துக்கொடுத்ததே பூச்சிதான், பூச்சி இருந்த உடம்புக்குத்தான் இந்த இழுப்பு ஜாஸ்தி வருதுன்னு. எது நிஜம்னு இன்னும் யாருக்கும் சரியாத் தெரியலை. எனக்கும் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். அந்த அறைக்குள்ள போகாதீங்க."

மனுஷக் காது ஒரு விசித்திரம். பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் உல்சூனுக்கு முதல் பாதி மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது. பூச்சி இருந்தவரைக்கும் படை தூங்கியது. பூச்சி போனதும் விழித்துக்கொண்டது. அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? பஸ் சாங்ஜுவில் நிற்பதற்குள் முடிவு செய்துவிட்டாள். பூச்சியைத் திரும்பக் கூட்டிவந்துவிட வேண்டும்.

ஆனால் அது இப்போது லேசுப்பட்ட காரியமாக இல்லை. ஊரெல்லாம் கூரையை மாற்றியாகிவிட்டது, வயலுக்கு மூட்டை உரம் வந்துவிட்டது, பிள்ளைகளெல்லாம் வருஷத்துக்கு இரண்டு தடவை மாத்திரை முழுங்குகிறார்கள். ஒரு காலத்தில் கேட்காமலே கிடைத்த பொருள். இப்போது யாரிடம் போய், உங்கள் வயிற்றில் பூச்சி இருக்கிறதா என்று கேட்பது? யோசிக்க யோசிக்க ஒரே ஒருத்தி மிஞ்சினாள். மாத்திரையை அடுப்பில் போடுகிறவள். இன்னமும் கக்கூஸ் எருவைத்தான் கீரைப் பாத்திக்கு ஊற்றுகிறவள். புழு அறைக்குள் நாள் முழுக்க நின்றாலும் ஒரு தும்மல் போடாதவள்.

"அக்கா, உங்க பாத்தி லெட்டூஸ் இலை கொஞ்சம் வேணும்" என்று போய் நின்றாள்.

"உன் பாத்தியில இல்லையா?"

"இருக்கு. அதுல மூட்டை உரம் போட்டிருக்கேன்."

"அதுக்கு?"

உல்சூன் டாக்டர் சொன்னதைச் சொன்னாள். முதல் பாதியை. சொல்லிமுடித்து, "உங்ககிட்ட இருக்கிறதுல கொஞ்சம் எனக்குக் கொடுங்க" என்றாள்.

சோங்புன் கையிலிருந்த களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து என்கிட்ட நீ வாய்விட்டுக் கேட்ட மொத சாமான் இதுதான்டி. ஒரு பட்டுத்துணி கேட்டிருக்கக் கூடாதா?" என்றாள். பிறகு சிரிப்பு நின்றது. என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பாத்தியைப் பார்த்தாள், உல்சூனைப் பார்த்தாள். "பறிச்சுக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த மே மாதம் முழுக்க உல்சூன் கழுவாத லெட்டூஸ் தின்றாள். உள்ளங்கையில் இலையை விரித்து, மேலே சோறும் சோயா விழுதும் வைத்து, மடித்து, வாய் கொள்ளாமல் திணித்துக்கொள்வாள். பல்லில் மண் நரநரக்கும். "பூச்சிக்கு விருந்து வைக்கிறவங்களைப் பாத்திருக்கேன். பூச்சியை விருந்துக்குக் கூப்பிடுறவளை இப்பத்தான் பாக்குறேன்" என்றான் கிபோக். அவனுக்கும் பயம் இருந்தது. சுரங்கத்திலிருந்து வந்து, மூச்சு இழுத்து இழுத்துச் செத்தவர்களை அவன் பார்த்திருக்கிறான்.

வசந்தப் புழு அறைக்கு வந்தது. சின்னப் புழுவாக இருந்தவரை ஒன்றுமில்லை. உல்சூனுக்கு ஒரே சந்தோஷம். வேலை செய்கிறது, வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டாள். லேசாக வயிறு பிசைந்தால்கூடச் சிரிப்பாள். பழைய அசதி திரும்பி வந்ததாகக்கூட அவளுக்குத் தோன்றியது. வந்தால் வரட்டும் என்றிருந்தாள். புழுக்கள் மூன்றாவது தூக்கம் முடிந்து தோல் உரித்தபோது அவளுக்குத் தும்மல் வந்தது. முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டாள். நான்காவது முடிந்ததும் நெஞ்சு விசில் அடித்தது. இன்னும் பூச்சி பெரிதாகவில்லை, பெரிதானால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டாள். கடைசிப் பருவம் வந்தது. தட்டுத் தட்டாகப் புழு தின்கிற சத்தத்தை வெளியூர்க்காரர்கள் மழை பெய்கிற மாதிரி என்பார்கள். உல்சூனுக்கு அது புழு தின்கிற சத்தம்தான், அதைக் கேட்டாலே எந்தத் தட்டுக்கு இலை போதவில்லை என்று சொல்லிவிடுவாள். அன்று மத்தியானம் இலை போட்டுக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்காமல் போனது. தன் மூச்சின் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

தட்டோடு சரிந்து விழுந்தவளைக் கண்டது சோங்புன். அக்குளில் கையைக் கொடுத்து முற்றத்துக்கு இழுத்துவந்தாள். உதடு நீலம் பூத்திருந்தது. இலை இறக்காமல் நின்ற பவர் டில்லரின் பெட்டியில், இலைமேலேயே அவளைப் படுக்கவைத்தார்கள். கிபோக்கின் அண்ணன் ஓட்டினார். கிபோக் வாசலில் நின்று, "அண்ணி, புழுவுக்கு இலை?" என்று கேட்டான். ஒரு நாளைக்குப் போடும் ஆறு வேளை இலையில் ஒரு வேளை தப்பினால்கூட ஊரைக் கூட்டுகிற சோங்புன், "சாவட்டும்டா!" என்று கத்திக்கொண்டே வண்டியில் ஏறினாள். புழு இருக்கிற வீட்டில் அந்தச் சொல்லை அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை.

சாங்ஜு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மூக்கில் குழாய் வைத்தார்கள். மறுநாள் காலையில்தான் உல்சூனால் நாலு வார்த்தை சேர்த்துப் பேச முடிந்தது. அங்கிருந்த டாக்டர் வயதானவர், கோபக்காரர். கழுவாத இலை தின்ற கதையைக் கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"பூச்சி முட்டை உள்ள போனா, குஞ்சு மொதல்ல நேரா எங்க போகும் தெரியுமா? நுரையீரலுக்கு! அதுவே இழுப்பைக் கிளப்பிவிடும். ஏற்கெனவே எரியிற வீட்டுல மண்ணெண்ணெய் ஊத்துவாங்களா? யார் வீட்டுக் கக்கூஸ் எரு அது?"

"என் வீட்டுது" என்றாள் கட்டில் காலடியில் நின்ற சோங்புன். "ஆனா அதுல பூச்சி கிடையாது."

"அது எப்படி உங்களுக்குத் தெரியும்?"

"எனக்கு வயித்துல பூச்சி இல்ல. இருபது வருஷத்துக்கு மேல இல்ல. எம் புருஷனுக்கும் இல்ல, அவருக்குச் சோத்துல பொடிச்சுக் கலந்துடுவேன்."

டாக்டருக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. "அப்ப பூச்சி மேல பழி இல்ல, எல்லாம் பட்டுப்பூச்சித் தூசிதான். இனிமே அந்த அறைக்குள்ள போனா என்கிட்ட வராதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

உல்சூன் ஓரகத்தியைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள்.

"அடுப்புல போட்டீங்களே?"

"போட்டது உன்னோடதை மட்டும்தான்."

சோங்புன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பாவாடையில் ஒட்டியிருந்த மல்பெரி இலைத் துணுக்கைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள்.

"எம் பெரிய பொண்ணு பொறக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு பையன் இருந்தான். நாலு வயசு. அறையில வசந்தப் புழு. அவன் வயிறு கல்லு மாதிரி ஆயிடுச்சு, வாய் வழியா பூச்சி வந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரி எங்கேயோ போய் மருந்து வாங்கியாந்தா. மாமியார் வேணாம்னாங்க. புழு கூடு கட்டட்டும், அப்புறம் குடுக்கலாம்னாங்க. நானும் சரின்னேன். கூடு கட்டுச்சு. அந்த வருஷம் மாதிரி என்னிக்கும் விளைஞ்சதில்ல."

உல்சூன் கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் அந்த முற்றத்தில் யாரும் அப்படி ஒரு பையனைப் பற்றிப் பேசியதில்லை.

"மாமியார் போனதும் நான் முழுங்க ஆரம்பிச்சேன். அறையில புழு இருக்கும்போதுதான் முழுங்குவேன். முழுங்கிட்டு மறுநாள் காலைல போயி தட்டுத் தட்டாப் பாப்பேன். செத்திருந்தா நான் பண்ணது சரின்னு ஆயிடும்ல? எம் புள்ளைக்கு மருந்து குடுக்காம இருந்தது நாயம்னு ஆயிடும்ல? ஒரு தடவையாவது சாகும்னு பாத்தேன்டி. ஒண்ணுகூட சாகல."

தினமும் பொழுது விடியுமுன் முதல் ஆளாக அறைக்குள் போய், இலையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பாள் சோங்புன். அதைப் பார்த்து உல்சூன், எப்பேர்ப்பட்ட பொறுப்பு என்று இருபது வருஷம் மலைத்திருக்கிறாள்.

"என்னோடதை ஏன் போட்டீங்க?"

"நீயும் முழுங்கி, அப்பவும் ஒண்ணும் ஆகலைன்னா? நான் ஒருத்தி மட்டும்னா ஏதோ தப்பிப் போச்சுன்னு சொல்லிக்கலாம். ரெண்டு பேர்னா அது சாட்சி ஆயிடுமே."

தேகு டாக்டர் சொன்னதில் காதில் விழாத மறுபாதி அப்போதுதான் உல்சூனுக்குக் கேட்டது. பூச்சி கற்றுக்கொடுத்த படை. அப்படியும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் இருபது வருஷம் பிசைந்த வயிறு நிஜம். மாதம் முழுக்க மண்ணோடு தின்ற இலை நிஜம். அந்த இலையில் ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டே இவள் பறித்துக்கொள்ளச் சொன்னாள், அதுவும் நிஜம். உல்சூனுக்கு உடம்பெல்லாம் கோபம் பற்றி எரிந்தது. எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை.

"திட்டுடி" என்றாள் சோங்புன்.

"இருங்க. மூச்சு வரட்டும்" என்றாள் உல்சூன்.

வீட்டில் அண்ணனும் தம்பியும் கண்டபடி இலை போட்டதில் சில தட்டுகள் போய்விட்டன, மீதி கூடு கட்டின. அந்த ரகளையில் ஒரு விஷயம் தெரியவந்தது. தட்டுகள் நெஞ்சு உயரத்தில் இருக்கின்றன, இலை போட யாரும் குனிய வேண்டியதில்லை. அதைச் செய்ய கிபோக்கால் முடியும். ஆண்பிள்ளை புழு அறைக்கு வருவதில்லை என்பதால் இத்தனை வருஷம் யாருக்கும் தோன்றவில்லை. இலையுதிர் காலத்திலிருந்து அறை அவனுடையது, இலை பறிப்பது உல்சூனுடையது. கூடையை வாசலில் வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். சாத்திய கதவுக்குப் பின்னால் புழு தின்னும் சத்தம் கேட்கும்போது அவளுக்கு வலித்தது. ஓரத்துத் தட்டுக்கு இலை போதவில்லை என்று வெளியிலிருந்தே கத்துவாள். அவன், "தெரியும் தெரியும்" என்பான். அவனுக்குத் தெரியாது.

அந்தச் செப்டம்பரில்தான் ஒரு நாள் மல்பெரித் தோட்டத்தில் அவள் திட்ட ஆரம்பித்தாள். மூச்சு நன்றாக வந்திருந்தது. மாத்திரையில் தொடங்கினாள். வயிற்றுவலி, அசதி, பிறந்த வீட்டு அண்ணன் பட்ட அவமானம், லெட்டூஸ் எல்லாம் வந்தது. அங்கேயிருந்து பின்னால் போய், கல்யாணமாகி வந்த வருஷம் முட்டைக்கோஸ் ஊறுகாய்க்கு உப்பு அதிகம் என்று ஊரார் எதிரில் சோங்புன் சொன்னதுவரை போனது. அடுத்த வரிசையில் சோங்புன் தலைகுனிந்து இலை பறித்துக்கொண்டே இருந்தாள்.

"பேரு என்ன?" என்றாள் உல்சூன், அதே கோபத்தில்.

"யாரு பேரு?"

"உங்க பையன் பேருதான், வேற யாரு பேரைக் கேட்பேன்? அதையாவது அடுப்புல போடாம சொல்லுங்க."

சோங்புன் கை நின்றது. சொல்லிப் பழக்கம் விட்டுப்போன வாய்.

"தால்சு" என்றாள்.

அந்த ஊரில் பெண்களுக்கு அவரவர் பெயர் கல்யாணத்தோடு சரி. பிறகு மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லி, இன்னாருடைய அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். சோங்புனை எல்லாரும் மகள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டு வந்தார்கள்.

உல்சூன் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். பாதியில் விட்ட இடத்திலிருந்து மறுபடியும் திட்ட ஆரம்பித்தாள். "உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா, தால்சு அம்மா?" என்று கேட்டாள்.

அடுத்த வரிசையில் செடிகள் வெகு நேரம் அசையவில்லை. பிறகு, "இரு, வர்றேன். இன்னும் சத்தமாத் திட்டு" என்று சோங்புனின் குரல் கேட்டது.